ஆலை வாசலும் அப்பீல் வாசலும்

மாலை மணி நாலேகால். நாலரைக்கு ஷிப்டு. சைக்கிளை விரைந்து மிதிக்கிறார் தொழிலாளி. ஆலைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர்தான். லாரி மோதுகிறது, காறை எலும்பு முறிகிறது. மோதிய லாரி யாருடையது? அவருக்கு வேலை கொடுத்த முதலாளியுடையது!

பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் திருப்பூர்ச் சாலையிலும் நடக்கக்கூடியதுதான். ஆனால் நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. 1971 ஜூன் 26 அன்று நடந்து, உச்சநீதிமன்றம் வரை போன வழக்கு இது. போகும் வழியில் பட்ட அடி, வேலையில் பட்ட அடி ஆகுமா? இந்த ஒரு கேள்விக்கு விடை வந்தது 1996இல். கால் நூற்றாண்டு, தோழர்களே! முறிந்த எலும்பு கூடச் சில மாதம் போதும். நீதி கூடி வர இருபத்தைந்து ஆண்டும் போதவில்லை.

ஈ.எஸ்.ஐ. நீதிமன்றம், “கொடு” என்றது. உயர்நீதிமன்றமும் “கொடு” என்றது. கொடுக்க மாட்டேன் என்று அப்பீலுக்குப் போனது யார்? முதலாளியா? இல்லை. தொழிலாளியின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்து, தொழிலாளியின் பெயராலேயே நடக்கும் ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன்! வென்றதும் அதுதான். சாலையில் பட்ட அடி வேலையில் பட்ட அடி ஆகாது என்று தீர்ப்பாயிற்று.

இந்தத் திட்டம் நமக்குப் புதியதா? 1948இல் சட்டமாகி, 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய ஈ.எஸ்.ஐ., தமிழ்நாட்டில் முதலில் கால் வைத்த இடமே நம் கோவைதான். நாள், 1955 ஜனவரி 23. அப்படிப்பட்ட ஊரில் நின்று கேட்கிறோம்: தொழிலாளியை அப்படி வேகமாக மிதிக்க வைத்தது எது? அன்று ஆலைச் சங்கு. இன்று விரல் வைக்கும் பொறி. ஐந்து நிமிடம் பிந்தினால் சம்பளத்தில் வெட்டு. அவசரம் ஆலைக்காக! அடி மட்டும் அவனுக்கா?

இந்தக் கேள்விக்குச் சட்டம் செவி சாய்த்தது 2010இல். அவ்வாண்டு ஜூன் 1 முதல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ என்ற பிரிவு சேர்ந்தது. வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் செல்லும் வழியில் நேரும் விபத்தும் வேலையில் நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்றது அது. ஆனால் ஈ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளி என்ன செய்வான்? அவனுக்கு இருந்தது 1923ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டம். அதில் இப்படி ஒரு பிரிவு இல்லை.

மராட்டியத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி. விடியற்காலை மூன்று மணிக்கு வேலை. 2003 ஏப்ரல் 22 அன்று மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார். ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது விபத்தில் மாண்டார். மனைவி, நான்கு பிள்ளைகள், வயதான தாய். 2009இல் ஆணையர் 3,26,140 ரூபாயும் 12 சதவீத வட்டியும் கொடுக்கச் சொன்னார். அப்பீல்! 2011இல் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2025 ஜூலை 29 அன்றுதான் உச்சநீதிமன்றம் அந்தத் தொகையை மீட்டுக் கொடுத்தது. 51-இ பிரிவின் கருத்தே பழைய சட்டத்துக்கும் பொருந்தும், முன்பு நடந்த விபத்துக்கும் பொருந்தும் என்று எழுதியவர் நீதிபதி கே.வி. விசுவநாதன். நம் கோவைச் சட்டக் கல்லூரியில் படித்தவர்!

நல்ல தீர்ப்பு, வாழ்த்துகிறோம். ஆனால் அது வந்து சேர இருபத்திரண்டு ஆண்டுகள். ஆலைக்கோ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கோ அப்பீல் ஒரு கோப்பு. விதவைக்கு அதுதான் அடுப்பு. இதை அறிந்துதான் 1923ஆம் ஆண்டுச் சட்டமே, முதலாளி அப்பீல் போக வேண்டுமானால் முழுத் தொகையையும் முதலில் ஆணையரிடம் கட்டிவிட்டு வா என்றது. முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் அப்பீல் என்றும் வரம்பு போட்டது. வேலி போட்டும் வெள்ளாமை வீடு வந்து சேர இத்தனை ஆண்டு!

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. வழியில் நேரும் விபத்தும் அதில் இடம் பெற்றிருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: விபத்து நடந்த நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தாக வேண்டும். அப்பீல் வழக்குரைஞர் கத்தி வைக்கும் இடம் அதுதான்.

ஆகவே தோழர்களே, சட்டம் வந்துவிட்டது என்று சாய்ந்து உட்காராதீர்! உங்கள் தெருவில் ஒரு தொழிலாளி அடிபட்டால் அன்றைக்கே ஓடுங்கள். “வேலைக்குப் போகும்போது அடிபட்டது” என்று மருத்துவமனைச் சீட்டிலும் போலீசு அறிக்கையிலும் எழுதச் சொல்லுங்கள். ஷிப்டு நேரத்துக்குச் சான்று வாங்கி வையுங்கள். ஆலையிலிருந்து விபத்து அறிக்கை போயிற்றா என்று கேளுங்கள். ஆயிரமோ இரண்டாயிரமோ கையில் திணித்து, வெற்றுத் தாளில் கைநாட்டுக் கேட்பார்கள், போடவிடாதீர்கள்!

இருபது ஆண்டு கழித்து ஒரு நீதிபதி புரட்டிப் பார்க்கப் போவது, அந்த முதல் நாள் எழுதிய வரியைத்தான்.