பசை ஒட்டுகிறதா, கரைக்கிறதா?

மாதிரி இரயில் பாதையோரத்துக் குட்டி நிலையம், சிக்னல் அறை, தண்ணீர்த் தொட்டி போன்றவை பெரும்பாலும் தனித்தனிப் பாகங்களாகப் பெட்டியில் கிடைக்கின்றன. ஜெர்மனியில் 1946-இல் தொடங்கிய ஃபாலர் நிறுவனம் இவற்றுக்குப் பெயர்பெற்றது. பரவலாக உள்ள எச்.ஓ. அளவு 1:87 ஆகும். 8.7 மீட்டர் நீள நிலையம் அதில் 10 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும்.

இவ்வளவு மெல்லிய சுவர்கள் எப்படி உறுதியாக நிற்கின்றன? இப்பாகங்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. காகிதப் பசை இரு பரப்புகளுக்கு நடுவே ஓர் அடுக்காகக் காய்ந்து அவற்றைப் பிடித்துக்கொள்ளும். இதற்குரிய பிளாஸ்டிக் பசையில் இருப்பதோ கரைப்பான். அது இரு விளிம்புகளையும் இளக்குகிறது. அப்போது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரு பாகங்களும் ஒரே துண்டாகிவிடும்.

ஆகவே, சாயம் பூசிய விளிம்பைச் சுரண்டிய பிறகே ஒட்ட வேண்டும். பசை அதிகமானால் செங்கல் வரிகளும் சன்னல் சட்டங்களும் கரைந்து சிதைந்துவிடும். பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, மெல்லிய தூரிகையால் மூட்டில் ஒரு துளி தொட்டால் போதும். நுண்புழை விளைவால் அது இடுக்கெங்கும் தானே பரவும்.

மாணவர்களே, கரைப்பானின் ஆவி உடலுக்குத் தீங்கானது. சன்னலைத் திறந்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.