மேட்டிலே திணறும் பெட்டரி வண்டி

நமது தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று ஹோட்டல்களில் வேலை செய்கிறார்கள். அங்கே விருந்தினரை ஏற்றி இறக்கும் பழைய கோல்ப் வண்டியை ஓட்டுகிறவர்களும் உண்டு. காலையில் நன்றாக ஓடிய வண்டி மத்தியானம் மேட்டிலே திணறினால், "நீ ஓட்டுன விதம் சரியில்ல" என்று பழி டிரைவர் தம்பியின் தலையிலேதான் விழும். இல்லாவிட்டால் மோட்டார் போய்விட்டது என்பார்கள். மோட்டார் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள்.

பழைய வண்டிகள் பலவற்றில் 6 வோல்ட் பெட்டரி ஆறு, ஆசனத்துக்குக் கீழே தொடராகக் கட்டியிருக்கும். மொத்தம் 36 வோல்ட். ஆறு பேர் வரிசையாக நின்று கொழுந்து மூட்டை கைமாற்றுவது போலத்தான் இது. ஒருவர் சோர்ந்தாலும் வரிசையே சுணங்கிவிடும். அந்த ஒருவர் யார் என்று பார்க்காமல் ஆறையும் மாற்றுவது வீண் காசு.

இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் நல்ல பெட்டரி 6.3 வோல்ட்டுக்குக் கிட்டக் காட்டும். ஆனா இதை மட்டும் நம்பக் கூடாது. சும்மா இருக்கும்போது எல்லாம் நல்ல பிள்ளைகள்தான். வண்டி திணறும் வரை ஓட்டுங்கள். நிறுத்தின உடனே ஆறையும் ஒவ்வொன்றாக அளந்து எழுதுங்கள். ஐந்து ஏறக்குறைய ஒரே அளவிலும், ஒன்று மட்டும் அரை வோல்ட்டோ அதற்கு மேலோ குறைந்தும் நின்றால் ஆள் அகப்பட்டான். அந்த ஒன்றுக்குப் புத்தம் புதியது போட்டால், பழசுகளோடு சேர்ந்து அதுவும் சீக்கிரம் கெடும். ஏறக்குறைய அதே வயதுள்ள நல்லதொன்று கிடைத்தால் நல்லது.

பெட்டரி எல்லாம் சரியென்றால் கம்பி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் மின்சாரம் அங்கேயே சூடாகி வீணாகும். ஓட்டி நிறுத்தியதும் எந்த முனைப் பக்கம் சூடு அடிக்கிறதோ அதுதான் லூஸ். மூடிகளை இறுக மூடி, அப்பச் சோடா கரைத்த தண்ணீரால் பிரஷ் போட்டுக் கழுவி, காய்ந்த பின் முறுக்குங்கள்.

தண்ணீர் குறைந்து தகடு வெளியே தெரிந்தால் பெட்டரியின் ஆயுள் குறையும். வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். பீலித் தண்ணி வேண்டாம், அசிட்டும் வேண்டாம். தகடு மூடுமளவுக்கு ஊற்றிச் சார்ஜ் ஏற்றி, பிறகு மட்டத்தைச் சரி செய்யுங்கள். முதலிலேயே நிரப்பினால் பொங்கி வழியும்.

டயரில் காற்றுக் குறைவும், பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதும் கூட பெட்டரி வீக் போலவே தெரியும். சமதரையில் நியூட்ரலில் போட்டு ஒரு ஆள் தள்ளினால் தெரிந்துவிடும். மெதுவான வேகத்தில் அசையாமல், பெடலை முழுக்க மிதித்தால் மட்டும் பாயும் மிகப் பழைய வண்டியென்றால், வேகத்தைக் குறைக்கும் கம்பிச் சுருள் ஒன்று அறுந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

கை வைக்குமுன் சாவியை எடுத்து, மோதிரம், உலோகச் சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்பேனரின் பிடியில் டேப் சுற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் வாயு தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. கண்ணில் அசிட் தெறித்தால் பதினைந்து நிமிஷமாவது தண்ணீரால் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.