கடைவீதியில் ஒரு முக்காலி

போன மாதம் என் அக்கா மகளை அழைத்துக் கொண்டு ஊத்துக்குளி கடைவீதிக்குப் போனேன். அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்குச் சாமான் வாங்க வேண்டும். கூடவே அவளுடைய மூன்று வயதுப் பையன் வேறு! சனிக்கிழமை பனியன் கம்பெனியில் சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருகிற கூட்டம் உங்களுக்குத் தெரியாததா?

கூட்டத்தைக்கூடப் பொறுத்துக் கொள்ளலாம். ஓரமாக நடக்கலாமென்றால் கடை வாசல் நெடுக மோட்டார் சைக்கிள்கள். சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கினால் முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன். பாதிச் சாமான் வாங்குவதற்குள் அவளுக்குத் தலையைச் சுற்றியது. "சித்தி, எங்காச்சும் செத்த நேரம் உக்காரலாமுங்களா?" என்றாள். எங்கே உட்கார?

வளையல் கடை அம்மாள்தான் பார்த்துவிட்டு, "உள்ள வா கண்ணு" என்று முக்காலியை இழுத்துப் போட்டு, ஒரு சொம்பு தண்ணீரும் கொடுத்தார். பத்து நிமிஷம் உட்கார்ந்தோம். நாலு டஜன் வாங்க வந்தவள் எட்டு டஜன் வாங்கினாள்!

வண்டி வாசலில் நின்றால்தான் வியாபாரம் என்று நம் கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். டென்மார்க்கிலும் அப்படித்தான் நினைத்தார்கள். 1962-ல் கோபன்ஹேகன் நகரத்தின் பெரிய கடைத்தெருவான ஸ்ட்ரோகெட்டில் வண்டிகளை நிறுத்தியபோது, 'இந்தக் குளிரில் யார் நடந்து வருவார்கள்?' என்று வியாபாரிகள் பயந்தார்கள். ஜனங்கள் வந்தார்கள். இன்றைக்கும் அந்தத் தெருவில் நடைதான்.

அவ்வளவு தூரம் எதற்கு? சென்னை தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதையை நன்றாக அகலப்படுத்தித் திறந்தார்கள். வண்டிகளை அறவே தடுக்கவில்லை. அவற்றுக்கு வழியைக் குறுக்கினார்கள், அவ்வளவுதான். உட்கார ஆசனங்கள், குழந்தைகள் ஏறி விளையாடச் சாதனங்கள் எல்லாம் வைத்தார்கள். பாட்டிமார் உட்கார்ந்திருக்க, மருமகள் நிதானமாகப் புடவை பார்க்கலாம். (நடைபாதையில் ஸ்கூட்டர் ஏற்றுகிறவர்கள் அங்கேயும் இல்லாமல் இல்லை!)

நம் ஊருக்குக் கோடிக்கணக்கில் செலவு வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டுமாவது வண்டிகளை ஒரே இடத்தில் நிறுத்தச் சொல்லலாம். சாக்கடை மேல் உடைந்த பலகைக் கல்லை மாற்றலாம். நிழலுக்கு நாலு வேப்பமரம், கீழே சிமெண்ட் திண்ணை. பூக்காரம்மாவை விரட்டாமல் ஓரமாக இடம் ஒதுக்க வேண்டும். தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014-ல் சட்டமே வந்திருக்கிறதே! முக்கியமாகச் சுத்தமான கழிப்பறை. அது இல்லாததால்தான் நம்மில் பலர் கடைக்குக் கிளம்பினால் தண்ணீரே குடிப்பதில்லை. கர்ப்பிணிகள் அப்படி இருக்கவே கூடாது. நெடுநேரம் நின்றால் கால் வேறு வீங்கும்.

வெண்ணெய் வாங்குகிற வேலையை மட்டும் கடைசியில் வைத்துக் கொள்ளுங்கள். ஊத்துக்குளி வெண்ணெய் ஆயிற்றே, வெயிலில் உருகிவிடும்!

எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுப் பேரூராட்சிக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். போன வாரம் அதைக் காட்டியதும், வளையல் கடை அம்மாள் பதினோராவது கையெழுத்தைப் போட்டுவிட்டு, "முக்காலி இன்னும் ரெண்டு வாங்கிட்டேனுங்க" என்றார்.