புகார் போட்டாச்சு, அப்புறம்? நகராட்சியில ஒரு மனு போற பாதை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)



நம்மில் நிறைய பேர் வேலைக்காக சென்னையிலயோ பெங்களூருலயோ இருக்கோம். அப்பா அம்மா ஊர்ல இருக்காங்க. தெருவிளக்கு எரியலன்னாலும் நாலு நாளா தண்ணி வரலன்னாலும் போன் நமக்குத்தான் வரும். "நீதான் கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கிறியே, ஆன்லைன்ல ஒரு புகார் போட்டு விடுப்பா." நாமளும் போடுவோம். சில நாள்ல, உங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டதுன்னு மெசேஜ் வரும். அம்மாகிட்ட கேட்டா, விளக்கு இன்னும் எரியல.

ஐ.டி.யில இருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்ல. டிக்கெட் க்ளோஸ் ஆகுறது வேற, பிரச்சினை தீர்றது வேற. நகராட்சியில இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன நடக்குது? நம்ம புகார் சரியான மேசைக்குப் போய்ச் சேர நாம என்ன பண்ணணும்? இன்னைக்கு எபிசோடு இதுதான்.

முதல் கேள்வி: இது யாரோட வேலை?

ஊர்ல நடக்கிற எல்லாத்துக்கும் நகராட்சிதான் பொறுப்புன்னு நாம நினைக்கிறோம். உண்மையில ஒரே தெருவுல நாலு துறை இருக்கும்.

தெருவிளக்கு நகராட்சியோடது. அது மாட்டியிருக்கிற கம்பமும் மின்கம்பியும் பெரும்பாலும் மின்வாரியத்தோடது. பல்பு போனா நகராட்சி, கம்பம் சாய்ஞ்சா மின்வாரியம்.

சாலையும் அப்படித்தான். ஊருக்கு நடுவுல போற "மெயின் ரோடு" பல ஊர்கள்ல மாநில நெடுஞ்சாலைத் துறையோடது. அங்க இருக்கிற பள்ளத்துக்கு நகராட்சியில மனு கொடுத்தா, "இது எங்கள் துறையைச் சார்ந்தது அல்ல"ன்னு பதில் எழுதி முடிச்சிடலாம். அவங்க கணக்குல அதுவும் தீர்வுதான்.

குடிநீர் இன்னும் சுவாரஸ்யம். பல ஊர்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் மூலமா, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம்தான் தண்ணியைக் கொண்டு வருது. மேல்நிலைத் தொட்டியில இருந்து உங்க வீட்டுக் குழாய் வரைக்கும் நகராட்சி. அதனால தண்ணி வரலன்னா, ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவங்களுக்கு வருதான்னு முதல்ல கேளுங்க. அவங்களுக்கு வந்தா, சிக்கல் உங்க தெரு வால்வுலயோ பைப்புலயோ இருக்கு. ஊருக்கே வரலன்னா கதை வேற. இந்த ஒரு தகவலை மனுவுல எழுதினாலே பாதி விசாரணை முடிஞ்சிடும்.

நகராட்சிக்குள்ளயும் பிரிவுகள் இருக்கு. குப்பை, சாக்கடை அடைப்பு எல்லாம் சுகாதாரப் பிரிவு. களத்துல பார்க்கிறவர் துப்புரவு ஆய்வாளர். ரோடு, தண்ணி, விளக்கு பொறியியல் பிரிவு. ஆக்கிரமிப்பு, கட்டட அனுமதி நகரமைப்புப் பிரிவு. சொத்து வரி வருவாய்ப் பிரிவு. எல்லாருக்கும் மேல ஆணையர்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துல கொடுத்தாலும், 1100-க்கு போன் பண்ணி முதல்வரின் முகவரி துறையில பதிவு பண்ணாலும், நகராட்சி சம்பந்தப்பட்ட மனு சுத்திச் சுத்தி இதே மேசைக்குத்தான் வரும். பெரிய இடத்துல கொடுத்தா பெரிய ஆள் வந்து பல்பு மாட்ட மாட்டார். மனுவுக்கு ஒரு எண் கிடைக்கும், மேல இருந்து ஒருத்தர் பதில் கேட்பார். அதுவும் நமக்கு உதவிதான்.

பக்-கா, ஃபீச்சரா?

இதுதான் பல பேர் கவனிக்காத இடம். எரிஞ்சிட்டு இருந்த விளக்கு எரியல, இது பக். ஏற்கெனவே இருக்கிற பராமரிப்புச் செலவுல, ஆள் அனுப்பி முடிச்சிடலாம். இதுக்கு ஆப் போதும், போன் போதும்.

"எங்க தெருவுல சாக்கடையே இல்ல, கட்டிக் கொடுங்க." இது ஃபீச்சர் ரிக்வஸ்ட். மதிப்பீடு போடணும், நிதி ஒதுக்கணும், நகர்மன்றம் தீர்மானம் போடணும், டெண்டர் விடணும். துப்புரவு ஆய்வாளர் நினைச்சாலும் அவரால செய்ய முடியாது. இதை ஆப்ல நூறு தடவை போட்டாலும் நூறு தடவை க்ளோஸ் ஆகும். இது போக வேண்டிய வழி, உங்க கவுன்சிலர் மூலமா நகர்மன்றத்துக்கு.

அந்தக் கதவே நம்ம மாநிலத்துல அஞ்சு வருஷத்துக்கு மேல மூடியிருந்தது. 2011-ல தேர்வான கவுன்சிலர்களோட பதவிக்காலம் 2016 அக்டோபர்ல முடிஞ்சது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்னைக்குத்தான் நடந்தது. நடுவுல தனி அலுவலர்கள் நிர்வாகம் பண்ணாங்க. ஓட்டுக் கேட்டு வந்து, தெருவுல பதில் சொல்ல வேண்டிய ஆள் யாருமே இல்ல.

சின்ன ஊர்களுக்கு இன்னொரு குறையும் இருந்தது. கிராமத்துல கிராம சபை இருக்கு. யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம். நகரத்துக்கு அரசியலமைப்போட 74-வது திருத்தம் வார்டு குழுவைக் கட்டாயம் ஆக்குச்சு, ஆனா 3 லட்சமோ அதுக்கு மேலயோ மக்கள்தொகை இருக்கிற நகரங்களுக்கு மட்டும். நம்ம நகராட்சிகள்ல பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழ. 2022-ல தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டு வந்து, வார்டு குழுவையும் பகுதி சபையையும் சின்ன ஊர்களுக்கும் கொடுத்தது. அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்துல, பகுதி சபைகள் கூடின. உங்க ஃபீச்சர் ரிக்வஸ்ட்டுக்கான இடம் அதுதான். உங்க வார்டுல அது ஒழுங்கா கூடுதான்னு கேட்கிறதையே முதல் மனுவா வச்சுக்கலாம்.

"நிதி இல்லை"ன்னு சொன்னா?

ரட்லம்னு ஒரு ஊர். மத்தியப் பிரதேசத்துல இருக்கிற நடுத்தர நகரம். 1970-கள்ல அங்க ஒரு தெரு மக்கள், திறந்த சாக்கடை, கழிப்பறை இல்லாத குடிசைப் பகுதி, சாராய ஆலைக் கழிவு, கொசு எல்லாத்தோடயும் வாழ்ந்தாங்க. நகராட்சி அசையல. அவங்க, பொதுத் தொல்லையை நீக்கச் சொல்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-வது பிரிவுல, நிர்வாக நடுவர்கிட்ட போனாங்க. அவர் நகராட்சிக்கு உத்தரவு போட்டார். நகராட்சி அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அவங்க வாதம், "எங்ககிட்ட பணம் இல்ல."

1980 ஜூலையில நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதின தீர்ப்பு அந்த வாதத்தை ஏத்துக்கல. சட்டம் கொடுத்த கடமையில இருந்து, பணம் இல்லன்னு சொல்லி ஒரு நகராட்சி தப்பிக்க முடியாதுன்னு சொல்லி, வேலைகளுக்குக் காலக்கெடுவும் வச்சது.

ஒரு தெரு சாக்கடைப் புகார்தான் அது. இன்னைக்கு அந்த 133-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்துல 152-வது பிரிவா இருக்கு. நம்ம ஊர்ல அந்த அதிகாரம் கோட்டாட்சியர்கிட்ட இருக்கு. எடுத்த எடுப்புல போற வழி இல்ல, ஆனா அப்படி ஒரு வழி இருக்கு.

மனு எழுதும்போது

ஒரு மனுவுல ஒரே பிரச்சினை. அஞ்சு குறையை ஒண்ணா எழுதினா, சுலபமான ஒண்ணுக்கு மட்டும் பதில் வரும்.

இடத்தைத் துல்லியமா சொல்லுங்க. "பிள்ளையார் கோயில் பக்கத்துல" போதாது. வார்டு, தெரு, மின்கம்பத்துல எழுதியிருக்கிற எண். எந்தத் தேதியில இருந்துன்னும் எழுதுங்க.

நேர்ல கொடுத்தா ஒப்புகைச் சீட்டு வாங்காம வராதீங்க. அது இல்லன்னா அந்த மனுவே இல்ல.

வேலை நடக்காம க்ளோஸ் ஆனா, தேதியோட போட்டோ எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி கொடுங்க. அதுக்கும் பதில் இல்லன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கட்டணம், 30 நாள்ல பதில். "ஏன் செய்யல?"ன்னு கேட்காதீங்க, அந்தச் சட்டத்துல ஆவணம்தான் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. "இந்த எண் புகாரை எந்தத் தேதியில், எந்த அலுவலர் ஆய்வு செய்தார்? அந்த அறிக்கையின் நகல் வேண்டும்"ன்னு கேளுங்க. யாரும் வந்து பார்க்கலன்னா, அந்தக் காகிதம் அதைக் காட்டிக் கொடுத்துடும்.

கடைசியா ஒண்ணு, ரொம்ப முக்கியம். பாதாளச் சாக்கடை அடைச்சா "உடனே ஆளை அனுப்புங்க"ன்னு எழுதாதீங்க. "இயந்திரம் அனுப்புங்க"ன்னு எழுதுங்க. மனிதரைப் பாதுகாப்பு இல்லாம உள்ள இறக்குறது 2013 சட்டப்படி குற்றம். ஆனாலும் சாவு நிக்கல. 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் அப்படி இறந்தவங்க குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்துல இருந்து 30 லட்சமா உயர்த்த வேண்டி வந்தது. நம்ம அவசரத்துக்காக இன்னொருத்தரோட உயிரைக் கேட்கக்கூடாது. யாராவது உள்ள இறங்குறதைப் பார்த்தா நிறுத்தச் சொல்லுங்க.

அடுத்த தடவை ஊர்ல இருந்து போன் வந்தா, ஆப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இது யாரோட வேலை? பக்-கா, ஃபீச்சரா? பக்கத்துத் தெருவுலயும் இப்படித்தானா? மூணாவதுக்கு "ஆமா"ன்னு பதில் வந்தா, உங்க தனிப் புகார் ஒரு தெருவோட மனுவா மாறலாம். கையெழுத்து வாங்க அம்மாவுக்கு உங்களை விட அதிக வீடு தெரியும்.

உங்க ஊர் நகராட்சியில மனு கொடுத்த அனுபவம் இருந்தா எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.