ஆபரேஷன் ஆன பிறகும் நாள் தள்ளுதா? அசட்டையாக இருக்காதீங்க!

தை மாசக் கடைசி. கோபிப் பக்கம் மஞ்சள் வெட்டு மும்முரமாக நடக்கிற சமயம். காட்டு வேலைக்குப் போகிற ஒரு பெண், கூட்டம் கலைகிறவரை வாசலிலேயே காத்திருந்துவிட்டு என் அறைக்குள் வந்தார். வயசு 29.

“நாள் தள்ளிப் போச்சுங்க. எனக்குச் சூட்டு உடம்புங்க. கருஞ்சீரகமோ எள்ளோ போட்டு ஒரு கஷாயம் குடுத்தீங்கன்னா வந்துருமுங்க...”

“கர்ப்பமா இருக்குமா அம்மிணி?”

“அதெப்படிங்க? சின்னவன் பொறந்த கையோட ஆபரேஷன் பண்ணியாச்சுங்களே! ஆறு வருஷமாச்சு.”

கஷாயச் சீட்டு எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன். இன்னும் சில கேள்விகள் கேட்டேன். அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் வலி. முந்தின நாளிலிருந்து லேசாகத் தீட்டு. காலையில் எழுந்தால் கிறுகிறுப்பு. சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொன்னேன். கர்ப்பம்!

அந்தப் பெண் வெலவெலத்துப் போனார். உயிருக்கு ஆபத்து என்று அவர் பயப்படவில்லை. “எங்கூட்டுக்காரரு என்னைப் பத்தி என்னங்க நெனைப்பாரு?” என்று கேட்டு அழுதார்.

உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஸ்கேனில் தெரிந்தது, கரு கருப்பையில் இல்லை, கருக்குழாயில்! அன்று இரவே ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். நான் கஷாயம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால்... நினைக்கவே நடுங்குகிறது.

குழாயில் என்ன செய்கிறார்கள்?

கருப்பையின் இரண்டு பக்கமும் சுமார் 10 செ.மீ. நீளத்தில் ஒவ்வொரு குழாய் இருக்கிறது. பெண்ணின் முட்டையும் ஆணின் உயிரணுவும் சந்திப்பது அங்கேதான். அந்தப் பாதையைக் கட்டி வெட்டிவிடுவார்கள். அல்லது லேப்ராஸ்கோப் மூலம் சிறு வளையம் மாட்டி அடைப்பார்கள். பிரசவமான 7 நாட்களுக்குள் தொப்புளுக்குக் கீழே சின்னதாகக் கீறிச் செய்யலாம். தவறினால் ஆறு வாரம் கழித்துச் செய்யலாம்.

கருப்பையையோ சினைப்பையையோ யாரும் எடுப்பதில்லை. ஆகவே மாதவிலக்கு வழக்கம்போல வரும். ஹார்மோன் குறையாது. தாம்பத்திய சுகமும் குறையாது. ‘ஆபரேஷன் பண்ணினா உடம்பு ஊதிப் போயிரும், தெம்பே இருக்காது’ என்பதெல்லாம் வெறும் பேச்சு!

அப்படியும் கரு தங்குமா?

அபூர்வமாகத் தங்கும். வெட்டிய குழாயின் முனைகள் சிலருக்குத் தானாகவே ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1996-ல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். பத்து வருஷத்தில் ஆயிரத்துக்குச் சுமார் 18 பேர் கர்ப்பமானார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழாயில் தங்கிய கர்ப்பம்! சின்ன வயசில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இந்த வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

ஆகவே சகோதரிகளே, ஆபரேஷன் ஆகி எத்தனை வருஷமானாலும் சரி... நாள் தள்ளினால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. அதோடு ஒரு பக்க வயிற்றுவலி, லேசான தீட்டு, மயக்கம், தோள்பட்டை வலி இவற்றில் ஏதாவது இருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்.

அவசரப்படலாமா?

அரசு விதிப்படி பெண்ணுக்கு 22 வயசு ஆகியிருக்க வேண்டும். ஒரு குழந்தையாவது இருந்து, அதற்கு ஒரு வயசு தாண்டியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியது அந்தப் பெண்தான்; கணவர் கையெழுத்து கட்டாயமில்லை. அப்படியிருக்க மாமியார் எப்படி முடிவு செய்ய முடியும்?

30 வயசுக்குள் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் பிற்பாடு வருந்தியதாக அதே அமெரிக்க ஆய்வு சொல்கிறது. வெட்டியதை மறுபடி இணைப்பது செலவு. பலிக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. மனசில் சந்தேகம் இருந்தால் பத்து வருஷம் வரை தாங்கும் காப்பர்-டி இருக்கிறது. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

ஆண்கள் எங்கே போனார்கள்?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 58 பேர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்டதோ ஆயிரத்துக்கு ஒன்று! ஆண்களுக்கான ஆபரேஷனில் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. தையல்கூட இல்லாமல் முடித்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று மாசம் மட்டும் வேறு பாதுகாப்பு வேண்டும். பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 2016-ல் இப்படிப்பட்ட முகாம்களை மூன்று வருஷத்துக்குள் கைவிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கே, யார், எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. கூச்சப்படாதீர்கள்!

‘சித்தாவில் நிரந்தரமாகக் கரு தரிக்காமல் இருக்க மருந்து உண்டா?’ என்று பலர் கேட்கிறார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்: நம்பிக் கொடுக்கிற மாதிரி ஒன்றும் என்னிடம் இல்லை. சூரணம் சாப்பிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு தேற, நல்ல சாப்பாட்டுக்கும் இரும்புச் சத்துக்கும் நான் வழி சொல்வேன். அதோடு என் வேலை முடிந்தது.

மஞ்சள் காட்டுப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். மறுநாள் அவர் கணவர் வந்து தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தார். குழாய்ப் படம் வரைந்து காட்டி, “தப்பு உன் சம்சாரத்து மேல இல்லப்பா. வெட்டின குழாய் சில பேருக்கு இப்படி ஒட்டிக்கும்” என்றேன். வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் புள்ள வலியிலயும் எங்கிட்டச் சொல்லப் பயந்திருக்குதுங்க, டாக்டர்” என்றார். குரல் உடைந்திருந்தது. அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “எங்கம்மாகிட்டயும் இதைக் காட்டோணுங்க.”