பத்து ஆண்டு லாபத்தைக் கேளுங்கள்

சென்ற வாரம் பி.இ. விகிதம் பற்றிப் பார்த்தோம். பங்கின் விலையை, ஒரு பங்குக்கு நிறுவனம் ஈட்டிய ஆண்டு லாபத்தால் வகுத்தால் கிடைப்பது அது. எண் சிறியதாக இருந்தால் பங்கு மலிவு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஓய்வுபெறும்போது கிடைத்த பணத்தை இந்த ஓர் எண்ணைப் பார்த்தே போட்டவர்கள் நம்மிடையே நிறைய பேர். அதனால் இந்த வாரம் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகக் கணக்குப் போடலாம்.

டாடா ஸ்டீல். 2022 மார்ச் 31 அன்று அதன் பங்கு சுமார் 1,307 ரூபாயில் முடிந்தது. எல்லாப் பங்குகளையும் சேர்த்தால் சந்தை மதிப்பு ஏறத்தாழ 1.6 லட்சம் கோடி. அந்த நிதியாண்டில் துணை நிறுவனங்களையும் சேர்த்து அது ஈட்டிய நிகர லாபம் 41,749 கோடி. வகுத்துப் பாருங்கள்: பி.இ. 4-ஐக் கூடத் தொடவில்லை. அப்போது நிஃப்டியின் பி.இ. 20-க்கு மேல். நூறாண்டு கண்ட நிறுவனம், டாடா என்ற பெயர், நான்கே ஆண்டு லாபத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று சொல்லும் விகிதம். வேறென்ன வேண்டும் என்று தோன்றத்தான் செய்யும்.

2022 மே மாதம் மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டது. ஜூனில் பங்கு 900 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. நவம்பரில் வரியை நீக்கிவிட்டார்கள். ஆனால் லாபம் பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை. 2022-23-இல் நிகர லாபம் 8,075 கோடி. 2023-24-இல் 4,910 கோடி நஷ்டம். நஷ்டம் வந்த ஆண்டில் பி.இ. என்ற எண்ணே கிடையாது.

நான்கு ஆண்டில் பணம் திரும்பும் என்று சொன்ன அந்த விகிதம் பொய் சொல்லவில்லை. விலை உண்மை, லாபம் உண்மை, வகுத்தலும் சரி. ஆனால் 2021-22 என்பது எஃகுத் தொழிலுக்கு அபூர்வமான ஆண்டு. கொரோனா முடக்கம் தளர்ந்ததும் உலகமெங்கும் தேவை எழுந்தது. சீனா உற்பத்தியைக் குறைத்தது. எஃகு விலை உச்சத்துக்குப் போனது. அந்த ஓர் ஆண்டின் லாபத்தை நிறுவனத்தின் வழக்கமான வருமானம் என்று எடுத்துக்கொண்டதில்தான் தவறு. கோவை, திருப்பூர் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே 2021-22-இல் நூற்பாலைகள் கண்ட லாபத்தையும், 2022 மே மாதம் பஞ்சு விலை கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய பிறகு அந்த லாபம் கரைந்ததையும் அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

எஃகு, சிமென்ட், சர்க்கரை, நூல், ரசாயனம், கப்பல் போன்ற ஏற்ற இறக்கத் தொழில்களில் பி.இ. தலைகீழாகத்தான் பேசும். லாபம் உச்சத்தில் இருக்கும்போது விகிதம் மிகச் சிறியதாகத் தெரியும். தொழில் படுத்துக்கிடக்கும்போது, அதாவது வாங்குவதற்கு நல்ல நேரத்தில், விகிதம் பயமுறுத்தும். மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர், போன வருடம் மரம் கொள்ளாமல் காய்த்தது என்பதை மட்டும் கேட்டுப் பணம் கட்டுவதில்லை. ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் மரம் ஓயும் என்பது அவருக்குத் தெரியும்.

இதற்கு மருந்து சொன்னவர் பெஞ்சமின் கிரகாம். 1929-இல் நியூயார்க் சந்தை சரியத் தொடங்கியபோது அவரும் அதில் இருந்தவர். அடுத்த மூன்று ஆண்டுகளில் அவர் நிர்வகித்த பணத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் போயிற்று. 1934-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் டாட் உடன் சேர்ந்து அவர் எழுதிய 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' நூலில் ஒரு விதி இருக்கிறது: ஓர் ஆண்டு லாபத்தைப் பார்க்காதே, குறைந்தது ஐந்து ஆண்டு, முடிந்தால் ஏழு அல்லது பத்து ஆண்டு லாபத்தின் சராசரியைப் பார். பத்து ஆண்டு என்றால் ஒரு நல்ல காலமும் ஒரு கெட்ட காலமும் அதற்குள் வந்துவிடும். நிறுவனத்தின் உண்மையான சம்பாதிக்கும் திறன் அதில்தான் தெரியும் என்பது அவர் எண்ணம்.

கிரகாம் விட்டுவைத்த ஒரு விஷயம் பணவீக்கம். 1988-இல் ஜான் கேம்ப்பெல், ராபர்ட் ஷில்லர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அதைச் சேர்த்தார்கள். பழைய ஆண்டு லாபங்களை இன்றைய ரூபாய்க்கு (அவர்கள் கணக்கில் டாலருக்கு) உயர்த்திவிட்டு, அதன் பிறகு சராசரி எடுப்பது. இதைத்தான் இன்று 'ஷில்லர் பி.இ.' அல்லது 'கேப்' விகிதம் என்கிறார்கள். ஷில்லர் 2013-இல் நோபல் பரிசு பெற்றார்.

அமெரிக்கச் சந்தை முழுவதற்கும் 1871 முதலான கணக்கை அவர் தொகுத்திருக்கிறார். 1999 டிசம்பரில் அந்த விகிதம் 44. டாட்காம் குமிழி உடைந்தது அதற்குச் சில மாதங்களில். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2009. அந்த ஆண்டு மார்ச் 9 அன்று எஸ் அண்ட் பி 500 குறியீடு 676-க்கு வந்தது. முந்தைய ஆண்டின் கடைசிக் காலாண்டில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் எழுதிய நஷ்டத்தில், அந்த 500 நிறுவனங்களின் மொத்த லாபமே எதிர்மறையாகிவிட்டது. அதனால் சாதாரண பி.இ. 2009-இன் நடுவில் 100-ஐத் தாண்டியது! அந்த எண்ணைப் பார்த்தவர், சரித்திரத்திலேயே இவ்வளவு விலை உயர்ந்த சந்தை இல்லை என்று ஓடியிருப்பார். ஷில்லர் விகிதமோ மார்ச்சில் 13-ஐ ஒட்டி நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் காணாத மலிவு. எது சரி என்று அடுத்த பத்து ஆண்டுகள் காட்டின. 2019 முடியும்போது குறியீடு 3,200-ஐத் தாண்டியிருந்தது.

இப்போது டாடா ஸ்டீலுக்குத் திரும்புவோம். 2012-13 முதல் 2021-22 வரை பத்து ஆண்டுகள். முதல் ஆண்டிலேயே 7,058 கோடி நஷ்டம். 2014-15, 2015-16, 2016-17 மூன்றும் நஷ்டம். 2017-18-இல் 17,763 கோடி லாபம். 2019-20-இல் வெறும் 1,172 கோடி. கடைசியில் அந்த 41,749 கோடி. எல்லாவற்றையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 6,000 கோடிக்குச் சற்று மேல் வருகிறது. பத்து ஆண்டுகளின் மொத்த லாபத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஓர் ஆண்டில் வந்திருக்கிறது. சந்தை மதிப்பை இந்தச் சராசரியால் வகுத்தால் விகிதம் சுமார் 25. நான்கு எங்கே, இருபத்தைந்து எங்கே!

25 என்றால் வாங்கவே கூடாது என்று அர்த்தமில்லை. மலிவு என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். அதற்கடுத்த மூன்று ஆண்டுகளில் நடந்ததும் அதற்கு ஒத்துத்தான் இருக்கிறது. 2025 மார்ச் இறுதியில் பங்கு, 2022-இல் நடந்த பங்குப் பிரிப்புக்கு முந்தைய கணக்கில், சுமார் 1,540 ரூபாய். மூன்று ஆண்டில் 18 சதவீத உயர்வு. அதே காலத்தில் நிஃப்டி 17,465-லிருந்து 23,519-க்கு வந்தது; அது 35 சதவீதம்.

இனி பணவீக்கம். வீடோ மனையோ விற்று வருமான வரிக்கு ஆடிட்டரிடம் போனவர்களுக்கு 'காஸ்ட் இன்ஃப்ளேஷன் இண்டெக்ஸ்' பழக்கமான அட்டவணை. 2013-14-க்கு 220, 2021-22-க்கு 317 என்று ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஓர் எண். நமக்கு அது போதும். 317-ஐ 220-ஆல் வகுத்தால் 1.44. அதாவது 2013-14-இல் ஈட்டிய 100 ரூபாய் லாபம், 2021-22 ரூபாயில் 144-க்குச் சமம். நுகர்வோர் விலை உயர்வில் முக்கால் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும் குறியீடு என்பதால் இது கொஞ்சம் குறைத்துக் காட்டும். துல்லியம் வேண்டுபவர்கள் புள்ளியியல் அமைச்சகத்தின் நுகர்வோர் விலைக் குறியீட்டையே எடுத்துக்கொள்ளலாம்.

டாடா ஸ்டீலுக்கு இந்தத் திருத்தத்தைச் செய்து பார்த்தால் சராசரி ஏறக்குறைய மாறவே இல்லை. காரணம், பழைய நஷ்டங்களும் அதே அளவு பெரிதாகின்றன. 2012-13-இன் 7,058 கோடி நஷ்டம் 2021-22 ரூபாயில் 11,000 கோடிக்கு மேல். நஷ்டம் பழையது என்பதால் சிறியதாகிவிடாது.

நிதானமாக வளரும் நிறுவனங்களில் திருத்தம் வேறொரு பாடம் சொல்கிறது. இந்துஸ்தான் யூனிலீவர் 2013-14-இல் ஈட்டிய தனி நிகர லாபம் 3,867 கோடி. 2021-22-இல் 8,818 கோடி. எட்டு ஆண்டில் 2.3 மடங்கு என்று விளம்பரப்படுத்தலாம். ஆனால் நடுவில் 2020-இல் ஹார்லிக்ஸ் வைத்திருந்த நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது புதிய பங்குகள் கொடுத்தது. பங்கு ஒன்றுக்குக் கணக்கிட்டால் சுமார் 17.90 ரூபாயிலிருந்து 37.50, 2.1 மடங்கு. பணவீக்கத்தைக் கழித்தால் ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான். சோப்பின் விலை ஏறியதால் வந்த லாபம் எவ்வளவு, வியாபாரம் பெருகியதால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

எனவே மொத்த லாபத்தை விட, பங்கு ஒன்றுக்கான லாபத்தை எடுப்பதே முறை. டாடா ஸ்டீலும் 2018-இல் உரிமைப் பங்குகள் வெளியிட்டது. 2022 ஜூலையில் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கைப் பத்து ஒரு ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. இதையெல்லாம் சரிசெய்யாமல் பழைய ஆண்டறிக்கையின் எண்ணை அப்படியே எடுத்தால் கணக்கு நாசமாகிவிடும். இன்னொன்று: 2016 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள் புதிய கணக்கு முறைக்கு மாறின. 2015-16-க்கு அந்த ஆண்டு அறிக்கையில் ஓர் எண்ணும் மறு ஆண்டு அறிக்கையில் வேறோர் எண்ணும் இருக்கும். எதை எடுக்கிறீர்கள் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறைக்கு எதிர்ப்பும் உண்டு. பேராசிரியர் ஜெரமி சீகல் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை இது: இன்றைய கணக்கு விதிகள் சொத்து மதிப்பு குறைந்ததும் அதை நஷ்டமாக எழுதச் சொல்கின்றன, அதனால் ஒரே ஒரு பெரிய எழுதித்தள்ளல் பத்து ஆண்டுச் சராசரியையே கீழே இழுத்துவிடுகிறது. 2002-இல் ஏஓஎல் டைம் வார்னர் காட்டிய நஷ்டம் ஏறத்தாழ 9,900 கோடி டாலர். டாடா ஸ்டீலின் 2012-13 நஷ்டமும் இந்த ரகம்தான். 2007-இல் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கிய கோரஸ் நிறுவனத்தின் மதிப்பை எழுதித்தள்ளியதால் வந்தது. பணம் எதுவும் அந்த ஆண்டு வெளியே போகவில்லையே, அதை ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. பணம் 2007-இலேயே போய்விட்டது. அது பங்குதாரர்களின் பணம். அதிக விலை கொடுத்து வாங்கியதை ஒப்புக்கொண்ட ஆண்டுதான் 2012-13. 'ஒருமுறை மட்டும் வரும் செலவு' என்று நிர்வாகம் ஒதுக்கச் சொல்லும் ஒவ்வொன்றையும் ஒதுக்கிக்கொண்டே போனால், பத்து ஆண்டு முடிவில் லாபம் மட்டுமே ஈட்டிய நிறுவனம் காகிதத்தில் கிடைக்கும். நம் கையில் உள்ள பங்கு அந்த நிறுவனத்துடையது அல்ல.

சீகல் தரப்பில் நியாயம் இருக்கும் இடமும் உண்டு. 1990-களின் தொடக்கம் முதல் அமெரிக்கச் சந்தையின் ஷில்லர் விகிதம் பெரும்பாலும் தன் நூற்றாண்டுச் சராசரிக்கு மேலேயே நிற்கிறது. அது இறங்கட்டும் என்று வெளியே காத்திருந்தவர்கள் பெரும் வளர்ச்சியைத் தவறவிட்டார்கள். நாளை சந்தை எந்தப் பக்கம் போகும் என்பதை இந்த விகிதம் சொல்லாது. வேகமாக வளரும் நிறுவனத்தை இது எப்போதும் விலை அதிகம் என்றே காட்டும், ஏனென்றால் அதன் பத்து ஆண்டுக்கு முந்தைய லாபம் வேறொரு சிறு நிறுவனத்தின் லாபம். தொழிலையே மாற்றிக்கொண்ட நிறுவனத்துக்கும், பட்டியலிடப்பட்டு நான்கைந்து ஆண்டே ஆன நிறுவனத்துக்கும் இது உதவாது.

ஏற்ற இறக்கத் தொழில்களில் இருக்கும் பழைய நிறுவனங்களுக்கு மட்டும் இதைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும் என்பேன். விகிதம் 5, 6 என்று மிகவும் ஆசை காட்டும்போது இன்னும் கட்டாயம்.

உங்கள் கையில் உள்ள ஒரு பங்கையாவது இந்த வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டறிக்கைகளும் நிறுவனத்தின் தளத்திலும் பங்குச் சந்தைகளின் தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கும். ஒரு பங்குக்கான லாபத்தை ஆண்டுவாரியாக எழுதுங்கள். பிரிப்பு, போனஸ் இருந்தால் சரிசெய்யுங்கள். குறியீட்டால் இன்றைய ரூபாய்க்கு உயர்த்துங்கள். நஷ்டத்தை விடாமல் சேர்த்துக் கூட்டிப் பத்தால் வகுங்கள். அந்தச் சராசரியால் இன்றைய விலையை வகுத்து, செயலியில் தெரியும் பி.இ. எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் வெகுவாக வேறுபட்டால், ஏன் என்று தெரியும்வரை அந்தப் பங்கில் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

அடுத்த வாரம்: லாபம் என்று எழுதியது பணமாகக் கைக்கு வந்ததா என்று பார்ப்பது எப்படி?

(தொடரும்)