லாசல்கான் ஏலமும் டாக்கா அடுப்படியும்

2019 அக்டோபரில் டெல்லிக்கு வந்த அப்போதைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, வெங்காயம் போடாமலே சமைக்கும்படி தன் சமையல்காரரிடம் சொல்லிவிட்டதாகக் கூட்டமொன்றில் சொன்னார். அரங்கம் சிரித்தது. ஆனால், அவருடைய குறை நியாயமானது. செப்டம்பர் 29 அன்று எல்லா வகை வெங்காயத்தின் ஏற்றுமதியையும் இந்தியா திடீரென நிறுத்தியிருந்தது.

டாக்கா அடுப்படியை நாசிக் மாவட்டத்து லாசல்கான் மண்டியோடு இணைப்பது ஏலம்தான். டிராக்டரில் வந்து நிற்கும் வெங்காயத்துக்கு உள்ளூர் வியாபாரியும் விலை கேட்பார், கப்பலில் ஏற்றுபவரும் கேட்பார். தடை வந்தால் இரண்டாமவர் ஒதுங்கிவிடுவார். வெளியே போகவேண்டிய சரக்கும் உள்ளூரிலேயே தேங்கும், விலை சரியும். இங்கே சரியும்போதே டாக்காவிலும் கொழும்பிலும் ஏறும்.

வெங்காயத்தில் இந்த ஏற்ற இறக்கம் இவ்வளவு கடுமையாக இருக்கக் காரணம் உண்டு. விலை இரட்டிப்பானாலும் ஒரு கிலோ வாங்கிய வீடு முக்கால் கிலோவாவது வாங்கும். விளைச்சலையோ நினைத்தவுடன் கூட்ட முடியாது. விதைத்து அறுக்க நான்கு மாதமாவது வேண்டும். அதனால் வரத்து கொஞ்சம் குறைந்தாலும் விலை எகிறிவிடும்.

2019இல் மழையில் பயிர் அழுகி, தடைக்குப் பிறகும் விலை ஏறியது. எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் வெங்காயம் வந்திறங்கியது. கைக்கு அடங்காத பெரிய காய்; காரமும் குறைவு. நம் வீடுகளில் அதை விரும்பவில்லை. பல மாநிலங்கள் கேட்ட சரக்கையே வேண்டாம் என்றன. இறக்குமதி செய்தால் மட்டும் போதாது, நாக்கும் ஏற்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. 100 ரூபாய்ச் சரக்கை ஏற்றினால் 40 ரூபாய் வரி. வெளிநாட்டுக்காரர் அதைக் கூடுதலாகத் தரமாட்டார் என்றால், ஏற்றுமதியாளர் மண்டியில் கேட்கும் விலையைத்தான் குறைப்பார். டிசம்பர் 8 அன்று தடையே வந்துவிட, நாசிக் விவசாயிகள் ஏலத்தை நிறுத்திப் போராடினார்கள். விலை ஏறும்போது வாங்குபவரைக் காக்க ஓடிவரும் அரசு, சரியும்போதும் அதே வேகத்தில் வந்தால் அவர்கள் சாலைக்கு வந்திருக்க மாட்டார்கள். 2024 மே மாதம் தடை விலகியது. 2025 ஏப்ரல் 1 அன்று வரியும் போனது.

பெல்லாரி எனும் பெரிய வெங்காயத்துக்காகப் போட்ட 2019 தடையில் சின்ன வெங்காயமும் மாட்டிக்கொண்டது. சிங்கப்பூர், மலேசியாவுக்குப் போகிற சரக்கு அது. பெல்லாரித் தடையில் மறுபடி சிக்காதிருக்க அதற்குத் தனி ஏற்றுமதிக் குறியீடு கேட்கிறார்கள் பட்டறை போட்டுக் காத்திருக்கும் நம்மூர் விவசாயிகள்.